பொய் வலியா, மெய் வலியா: நிறைமாதத்தில் எதைக் கவனிப்பது, எப்போது கிளம்புவது?

கோபிச்செட்டிபாளையத்துக்கு அப்பால், வாய்க்கால் கரையை ஒட்டிய தோட்டத்து வீட்டில் தாயுடன் தங்கியிருக்கும், 36 வாரம் முடிந்த முதல் கர்ப்பிணி ஒருவர் கேட்டிருக்கிறார்: பொய் வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும்? அம்மா ஒன்று சொல்கிறார், மாமியார் வேறொன்று சொல்கிறார், கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், நடு இராத்திரியில் போய் நின்று 'இது பொய் வலி' என்று திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? கேள்வி வலியைப் பற்றியதுதான் என்றாலும், அதற்குள் இருக்கும் பயம் 'கிளம்ப வேண்டிய நேரத்தைத் தவறவிட்டுவிடுவேனோ' என்பதாகவே எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

செவிலியர் படிப்பையும் பேறுகாலப் பயிற்சியையும் முடித்து, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிறகு பெரிய மருத்துவமனைகளின் பிரசவ அறைகளிலுமாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் அல்ல. உங்கள் அட்டையையோ ஸ்கேனையோ இரத்த அழுத்தக் கணக்கையோ பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். என் அனுபவத்தில், முதல் பிரசவத்தின் மெய் வலியை வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டதாக அநேகமாகப் பார்த்ததில்லை. அது கதவைத் தட்டி எழுப்பித் தன்னைத் தானே தெரியப்படுத்திக்கொள்ளும். கவனிக்காமல் போகிறவை ஓசையில்லாதவை: குறைந்துபோன குழந்தையின் அசைவு, சிறுநீர் என்று நினைத்துத் துடைத்துவிட்ட பனிக்குட நீர், 'வெயிலில் நின்றதால் வந்தது' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிட்ட தலைவலி. நீங்கள் வலிக்காகக் காத்திருக்கும் அளவுக்கு இவற்றுக்காகவும் விழித்திருக்க வேண்டும்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் நடக்கும் பாதிப் பதற்றம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அட்டையில் எழுதியிருக்கும் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களை எண்ணிப் போட்டது. அது 40 வாரம். 28 நாள் மாதமாகக் கணக்கிட்டால் சரியாகப் பத்து மாதம். 'பத்து மாசம் சொமந்து பெத்தேன்' என்று உங்கள் அமுச்சி சொல்வதும், மருத்துவர் ஒன்பது மாதமும் ஒரு வாரமும் என்று சொல்வதும் ஒரே கணக்குத்தான். அந்தத் தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான் இருக்கும். 37 வாரம் முடிந்துவிட்டால் குறைமாதம் என்று சொல்வதில்லை. 42 வாரம் வரை போகவும் கூடும், முதல் பிள்ளை சில நாள் தள்ளிப் போவதும் வழக்கம். எனவே அது ஒரு நாள் அல்ல, ஐந்து வார காலம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஒவ்வொரு ஸ்கேன்லயும் ஒவ்வொரு தேதி போட்டிருக்குதுங்க' என்று பலர் குழம்புவார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொல்லும் தேதி ஏறத்தாழ ஒரு வார வித்தியாசத்துக்குள் நம்பத்தக்கது. ஒன்பதாம் மாத ஸ்கேன் குழந்தையின் அளவை வைத்துக் கணக்கிடுவதால், சற்றுச் சிறிய குழந்தைக்குத் தேதி தள்ளியும் பெரிய குழந்தைக்கு முந்தியும் காட்டும். அதைக் கொண்டு தேதியை மாற்றக் கூடாது. அதே ஸ்கேனில் வரும் எடையும் உத்தேசம்தான். மூன்று கிலோ என்று போட்டிருந்தால், பிறக்கும்போது 2.6 ஆகவும் இருக்கலாம், 3.4 ஆகவும் இருக்கலாம்.

இனி வரும் நாட்களில் உடம்பில் நேரும் மாற்றங்களில் பெரும்பாலானவை தொந்தரவுகளே தவிர ஆபத்துகள் அல்ல. முதல் கர்ப்பத்தில், வலி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குழந்தையின் தலை இடுப்பெலும்புக் குழிக்குள் இறங்குவதுண்டு. 'வகுறு எறங்கிருச்சு, இன்னைக்கோ நாளைக்கோ' என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னால் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியை நம்பிப் பையை எடுக்க வேண்டியதில்லை. வயிறு இறங்கினால் மூச்சு விடுவது எளிதாகும், நெஞ்செரிச்சல் குறையும். பதிலுக்கு அரை மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்கத் தோன்றும், இடுப்பும் தொடையிடுக்கும் இழுத்துப் பிடிக்கும். மாலையில் கால் வீங்கும். மார்பில் சீம்பால் கசியலாம். கசியாவிட்டாலும் பால் சுரக்காது என்று பொருளில்லை. தூக்கம் வராது. ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் வசதியாக இருந்தால் அதுவே நல்லது. உறக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதறாமல் மீண்டும் திரும்பிப் படுத்தால் போதும்.

இப்போது வலி. நிறைமாதத்தில் வயிறு அவ்வப்போது கல்லாக இறுகித் தளர்வதை நம் ஊரில் சூட்டு வலி என்போம். 1872-இல் இதை விவரித்து எழுதிய பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரையே மருத்துவப் புத்தகங்கள் இதற்கு வைத்திருக்கின்றன. கருப்பை தன்னைப் பழக்கிக்கொள்வதாக இதை எடுத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் நடந்தாலோ, தண்ணீர் குறைவாகக் குடித்தாலோ, சிறுநீரை அடக்கினாலோ இது அதிகமாகும். பங்குனி, சித்திரை வெயிலில் மாலை ஆனால் பிரசவ அறை வாசலில் கூட்டம் நிற்பதை ஒவ்வோராண்டும் பார்த்திருக்கிறேன். அதில் பலருக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு மணி நேரப் படுக்கையும்தான் மருந்தாக இருந்தன. சீரகக் கஷாயம் குடித்துப் பார்க்கச் சொல்லும் வழக்கத்துக்குள்ளும் இதுவே இருக்கிறது என்பது என் எண்ணம். 'கஷாயம் குடிச்சு அடங்குனா சூட்டு வலி, அடங்கலைன்னா நெச வலி' என்பார்கள். சீரகத்துக்குப் பொய் வலியைக் கண்டுபிடிக்கும் சக்தி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் நீர் உள்ளே போய், அரை மணி நேரம் உட்கார்ந்தும் விடுவதால் பொய் வலி தணியத்தான் செய்யும். வெறும் சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. குடித்துப் பாருங்கள், உங்கள் தாயாருக்கும் மன நிறைவாக இருக்கும். இரத்தமோ நீரோ வெளியேறினாலும், அசைவு குறைந்திருந்தாலும் மட்டும் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்கக் கூடாது.

மெய் வலி பெரும்பாலும் பின் இடுப்பில் தொடங்கி முன் வயிற்றுக்குச் சுற்றி வரும். பொய் வலி பெரும்பாலும் முன் வயிற்றோடு நின்றுவிடும். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம், முதுகில் வலியே இல்லாமல் அடிவயிற்றில் மட்டும் வலித்துப் பெற்றவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடத்தைவிட நம்பத்தக்கது போக்கு. மெய் வலியின் இடைவெளி நேரம் போகப் போகச் சுருங்கும், ஒவ்வொரு வலியும் முந்தியதைவிட நீளும், கூடும், நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஓர் எளிய முறையை நீங்களும் கையாளலாம். இறுகும்போது வயிற்றின் மேற்பகுதியில் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மூக்கு நுனியைத் தொட்டது போல் குழைந்து கொடுத்தால் அது இலேசான இறுக்கம். முகவாய்க் கட்டையைத் தொட்டது போல் இருந்தால் நடுத்தரம். நெற்றியைத் தொட்டது போல் சற்றும் உள்ளே போகாமல் இருந்தால் அது பலமான வலி. உங்கள் தாயாரையே தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். நேரத்தைக் கணக்கிடும்போது பலரும் செய்யும் பிழை, ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுவது. ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை எண்ண வேண்டும். பழைய காலண்டர் தாளின் பின்புறம் போதும், செல்போன் செயலி தேவையில்லை.

முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிப்பது, இப்படியே ஒரு மணி நேரம் தொடர்வது. இது ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கான கணக்கு. மண் பாதை, தார் ரோடு, பிறகு பெரிய சாலை என்று முக்கால் மணி நேரம் ஆகும் தோட்டத்திலிருந்து நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு வலி என்ற ஒழுங்கு பிடிபட்டதுமே கிளம்பிவிடுவது நல்லது. முந்திக் கிளம்புவதால் இழப்பு அதிகமில்லை, ஏனென்றால் முதல் பிரசவத்தில் அவகாசம் உண்டு. கருப்பை வாய் நான்கைந்து சென்டிமீட்டர் திறக்கும் வரையிலான முதல் கட்டம் சிலருக்கு ஐந்தாறு மணி நேரத்தில் முடியும், சிலருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இழுக்கும். எவ்வளவு நேரம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள கையால் பரிசோதித்துவிட்டு 'காலையில் பிறந்துவிடும்' என்று நானே சொல்லி மறுநாள் மாலை வரை காத்திருந்ததுண்டு. ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகு வேகம் கூடும். முதல் பிரசவத்தில் அந்தக் கட்டம் வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. அந்த முதல் கட்டத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். சந்தகையோ இட்லியோ மோரோ, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வலிக்கு நடுவில் நடந்து, முடிந்தால் தூங்குங்கள். சிசேரியன் என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தால் மட்டும் சாப்பாட்டைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

வலிக்கு முன்னால் சளி போன்று கெட்டியாக, இளஞ்சிவப்பு இழையோடிய திரவம் வெளியேறலாம். கருப்பை வாயை அடைத்திருந்த சளி அது. அன்றே வலி வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். அதற்காக மட்டும் ஓட வேண்டியதில்லை. ஆனால் மாதவிலக்குப் போல் சிவப்பாக இரத்தம் வந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பதாக ஸ்கேனில் எழுதியிருந்தால் அந்த ஸ்கேனை முதலில் காட்டுங்கள், உள்பரிசோதனை செய்வதற்கு முன்பே காட்டுங்கள்.

பனிக்குடம் உடைவதைச் சினிமாவில் காட்டுவது போல் தரையெல்லாம் நனைவதாக எதிர்பார்க்க வேண்டாம். வலி தொடங்குவதற்கு முன்பே குடம் உடைவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நேர்கிறது. அதிலும் பலருக்குச் சிறு கசிவாகத்தான் தொடங்கும். சிறுநீரா பனிக்குட நீரா என்று சந்தேகம் வந்தால், சிறுநீர் கழித்துவிட்டு, உலர்ந்த வெள்ளைத் துணியோ நாப்கினோ வைத்து அரை மணி நேரம் படுத்து எழுந்து பாருங்கள். எழும்போது அடக்க முடியாமல் நனைந்து, சிறுநீர் வாடையும் இல்லாவிட்டால் பனிக்குட நீர் என்றே வைத்துக்கொண்டு, மணியைக் குறித்துக்கொண்டு, அதே துணியோடு வாருங்கள். வலி வரட்டும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாக வந்துவிடும் என்றாலும், நேரம் போகப் போகக் கிருமித் தொற்று ஏறும் வாய்ப்பும் கூடும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அரை மணி நேரச் சோதனையும் வேண்டாம், உடனே புறப்படுங்கள். மிக அரிதாகத் தொப்புள்கொடியே வெளியே எட்டிப் பார்க்கும். அப்படி நேர்ந்தால் அதைத் தொடாமல், முழங்காலும் மார்பும் படும்படி, பின்புறம் உயர்ந்திருக்கக் கவிழ்ந்த நிலையிலேயே வண்டியில் கொண்டுவர வேண்டும்.

குழந்தையின் அசைவைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். 'நாள் நெருங்குனா கொழந்த அடங்கிக்கும், எடம் பத்தாதில்ல' என்ற பேச்சு எங்கள் பிரசவ அறை வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. சில செவிலியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது தவறு. கடைசி வாரங்களில் அசைவின் விதம் மாறும். உதைப்பதும் குதிப்பதும் குறைந்து, புரள்வதும் நெளிவதும் அழுத்துவதும் கூடும். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது, வலி தொடங்கிய பிறகும் குறையக் கூடாது. குழந்தை உள்ளே இருபது முதல் நாற்பது நிமிடம் வரை தூங்கும், தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்குவது அரிது. ஆகவே சந்தேகம் வந்தால், சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, வேறு எதிலும் கவனம் வைக்காமல் எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால், மணி இரவு இரண்டாக இருந்தாலும் கிளம்புங்கள். பத்து வந்துவிட்டது, ஆனாலும் வழக்கம் போல் இல்லை என்று உங்களுக்கே தோன்றினாலும் கிளம்புங்கள். இந்த எண்ணிக்கை ஓர் உதவிக் கோல்தான், உங்கள் குழந்தையின் வழக்கத்தை உங்களைப் போல் அறிந்தவர் வேறு யாருமில்லை. நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், அசைவு குறைந்து இரண்டு நாள் ஆன பிறகு வந்த ஒரு பெண்ணின் வயிற்றில் இதயத் துடிப்பைத் தேடித் தேடிக் கிடைக்காமல் நின்ற நேரம் இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டு நாளும் அவள் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு, அசைவு குறைவு என்று எந்த நேரத்தில் யார் வந்தாலும் 'காலையில் வா' என்று நான் சொன்னதில்லை.

இரத்த அழுத்தம் இன்னொன்று. 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே கர்ப்பிணிக்கு அது அதிகம். அப்போதும் எந்த வேதனையும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். 36 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறை பரிசோதனைக்கு வரச் சொல்வது பெரும்பாலும் இதற்காகத்தான், ஆகவே 'நேத்துத்தான பாத்தோம்' என்று ஒரு வாரத்தைத் தள்ளிவிடாதீர்கள். விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, நெஞ்சுக்குழிக்குக் கீழோ வலது விலாவுக்கு அடியிலோ வலி, ஒரே நாளில் முகமும் கையும் வீங்கி வளையல் கழற்ற முடியாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் போக வேண்டும். கால் வீக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணமே. உள்ளங்கையிலும் பாதத்திலும் இரவில் கூடும் அரிப்பும், காய்ச்சலும் அப்படியே விட்டுவிடக் கூடாதவை. கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் பிரசவம் வரை காத்திருக்காமல் இப்போதே சேர்ந்து சரிசெய்ய வேண்டிய நிலை. இரும்புச் சத்து மாத்திரையைக் காபி, டீயோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் அது உடம்பில் சரியாகச் சேராது.

மாமியார் 'நல்ல நாள் பாத்து எடுத்தறலாம்' என்கிறார் என்று நீங்கள் கேள்வியின் ஓரத்தில் எழுதியிருந்ததையும் விட்டுவிட முடியாது. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும் என்று புது மணமக்களைப் பிரித்து வைத்த ஊர் நம் ஊர். சித்திரை வெயிலில் பேறுகாலப் பெண்ணும் பச்சைக் குழந்தையும் படும் பாட்டைப் பார்த்தவர்கள் செய்த ஏற்பாடு அது என்று வைத்துக்கொண்டால் அதில் ஒரு கணக்காவது இருக்கிறது. அஷ்டமி, நவமி தவிர்த்து, இலக்கினம் குறித்துக் கொடுத்த நேரத்தில் கத்தி வைப்பதில் அப்படிக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். அவற்றில் பல உயிர் காத்தவை என்பதை நேரில் பார்த்திருக்கிறேன், ஆகவே சிசேரியனையே பழிக்க மாட்டேன். மருத்துவக் காரணம் இல்லாமல், குறித்த நாளுக்காக 37, 38 வாரத்தில் எடுக்கும்போதுதான் சிக்கல். வலி தொடங்குவதும் குழந்தையின் நுரையீரல் வெளிக்காற்றுக்குத் தயாராவதும் ஒன்றோடொன்று இணைந்தவை. வலி இல்லாமல் முந்தி எடுத்த குழந்தைகளில் மூச்சுத் திணறி, தாயின் பக்கத்தில் இருக்க வேண்டிய முதல் இரண்டு மூன்று நாளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிப்பவை அதிகம். திட்டமிட்ட சிசேரியன் என்றால் 39 வாரம் முடியட்டும் என்பது அதனால்தான். அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒன்றை வீட்டார் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை, மாமியாரிடம் அப்படியே சொல்லலாம். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது, தலை வந்ததும் விரலால் விலக்கிவிடுவோம்.

வலியை வரவழைக்க ஆமணக்கெண்ணெய், அதாவது நம் பக்கத்துக் கொட்டமுத்து எண்ணெய், குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள். அது குடலைக் கலக்கி, பேதியாகி, உடம்பின் நீரை வற்றச் செய்து, களைத்த நிலையில் உங்களைப் பிரசவ அறைக்குக் கொண்டுவந்து விடும். நடப்பதற்குத் தடையில்லை, நடந்தால் வலி சீக்கிரம் வரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்பது மருத்துவ அறிவியலுக்கே இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை. தேதி கடந்தும் வலி வராவிட்டால், பொதுவாக 41 வாரத்தை ஒட்டி மருத்துவமனையில் சேர்த்து, கருப்பை வாயில் ஜெல் வைத்தோ சிறு பலூன் குழாய் பொருத்தியோ வலியைத் தொடங்க வைப்பார்கள். அதன் பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகலாம்; அதற்குள் 'மருந்து ஏறலை' என்று வீட்டார் பதறிச் சிசேரியன் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே செய்து வைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. 108-க்கு அழைத்தால் வண்டி வந்துவிடும், ஆனால் தோட்டத்து வீட்டைக் கண்டுபிடிப்பதில்தான் நேரம் போகும். நம் பக்கம் பாளையங்களுக்குப் பஞ்சமில்லை, ஒரே பெயரில் இரண்டு மூன்று இருக்கும். ஊர்ப் பெயரோடு தாலுகா, பக்கத்துப் பெரிய ஊர், வாய்க்கால் பாலமோ கோயிலோ பால் சொசைட்டியோ ஓர் அடையாளம், இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே நாக்கில் வராது. இட்டேரிக்குள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய பாதைக்குள், ஆம்புலன்ஸ் திரும்புமா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பாது என்றால், தார் ரோடு வரை கொண்டுவிட எந்த வீட்டுக் கார், அது இல்லாவிட்டால் எந்த வீட்டு வண்டி என்று இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். இரவென்றால் ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் நிற்க வேண்டும். கடம்பூர், பர்கூர், தாளவாடி மலைகளிலிருந்து வருபவர்கள் இந்தத் தூரக் கணக்கை நன்றாக அறிந்தவர்கள். மலைப்பாதையை, குறிப்பாகத் தாளவாடியிலிருந்து இறங்கும் திம்பம் பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை, வலியோடு கடப்பதைவிட, தேதிக்குச் சில நாள் முன்பே கீழே வந்து தங்கிவிடுவது எவ்வளவோ மேல் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்வது வழக்கம். இரத்த அழுத்தமோ குழந்தையின் எடைக் குறைவோ இருப்பவர்கள், முதலிலேயே பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் போன்ற இடத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது; நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் இறங்கி ஏறும் நேரம் மிச்சமாகும்.

பையில் தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன்களும், இரத்த வகைச் சீட்டு, ஆதார், வங்கிப் புத்தக நகல், பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த எண்) இவை மேலாக இருக்கட்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அலைய வேண்டியிருக்கும். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியைப் பற்றி இப்போதே கேட்டு வையுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணி நான்கைந்து போதும், புதுச்சட்டைகளுக்கு அப்புறம் நேரம் இருக்கிறது. கணவர் திருப்பூரிலிருந்து வந்து சேரும் வரை காத்திருந்து கிளம்ப வேண்டாம். அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.

கடைசியாக, பொய் வலி என்று திருப்பி அனுப்பிவிட்டால் வெட்கமாக இருக்குமே என்று எழுதியிருந்தீர்கள். திருப்பி அனுப்புவார்கள், முதல் பிரசவத்துக்கு வருபவர்களில் கணிசமானோர் ஒரு முறையாவது வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள்தான். இரவுப் பணியில் களைத்திருக்கும் செவிலியர் ஒருவர் முகம் சுளிக்கவும் கூடும். நானும் சுளித்திருக்கிறேன், அது எங்கள் களைப்பே தவிர உங்கள் தவறு அல்ல. ஒரு முறை 'இன்னும் நேரமிருக்குதுங்க' என்று நான் அனுப்பி வைத்த பெண் பேருந்து நிறுத்தத்திலிருந்தே திரும்பி வந்து, வந்த அரை மணி நேரத்தில் பெற்றாள். கையால் சோதித்தும் நான் கணித்தது தவறாகிப் போன நாள் அது. எனவே உங்களை அனுப்பி வைத்தாலும், கிளம்பும் முன் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இரத்த அழுத்தம் எவ்வளவு, குழந்தையின் இதயத் துடிப்பு எவ்வளவு, கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர். துடிப்பு நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையில் இருந்தால் சரி. மூன்றையும் அட்டையில் மணியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாளோ அடுத்த வாரமோ வலி திரும்ப எடுக்கும்போது அதே வழியில் மறுபடியும் கிளம்பி வாருங்கள், அட்டையில் அந்த வரிக்குக் கீழே அடுத்த வரியை எழுதிக்கொள்வார்கள்.